பாரம் இறக்கிய தொட்டி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினீயராம். கடற்கரை ஊர் ஒன்றுக்கு மேல்நிலை நீர்த்தொட்டி வரைந்துகொண்டிருக்கிறாள். தூண்களெல்லாம் எஃகுக் குழாய், உள்ளே கான்கிரீட் நிரப்பியது.

"இந்த மாதிரித் தூணை இங்க மொதல்ல கணக்குப் போட்டது நீங்கதான்னு சொன்னாங்க மேடம். ஒரு சந்தேகம். தொட்டி நெறய தண்ணி இருக்கறப்ப தூண் பாஸாகுது. காலியா இருக்கறப்ப ஃபெயிலுன்னு செவப்பா காட்டுது. பாரமே இல்லாதப்ப எப்படி மேடம் ஃபெயிலாகும்? சாஃப்ட்வேர்லதான் ஏதோ கோளாறு போல."

"கோளாறு ஒண்ணும் இல்லம்மா. அது காட்டுறதுதான் சரி. பேசாம குழாயைப் பெருசாக்கு" என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் பயந்துபோய் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கணக்குப் போட்டது நான் என்று சொன்னாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது. போட்டவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அந்துவான் சார். அவரும் போய்விட்டார், எங்கள் அலுவலகத்தில் இருந்த பூங்காவனமும் போய்விட்டாள். பூங்காவனத்துக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. இனிமேல் இதைச் சொன்னால் நோகிறதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். திருச்சியில் படித்துவிட்டு வந்த பெண்பிள்ளையை என்ன செய்வதென்று காரைக்கால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சைட்டுக்கு அனுப்பினால் மேஸ்திரிகள் வெட்கப்படுகிறார்கள் என்றார்கள். மேஸ்திரிகளாவது, வெட்கமாவது! கடைசியில் வரைபடப் பிரிவில் ஒரு மூலையில் அந்துவான் சாரிடம் தள்ளிவிட்டார்கள். அங்கேயே ஆயுசு முழுக்க இருந்துவிட்டேன்.

அந்துவான் சார் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்த வாய்ப்பை, அம்மாவை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் வேண்டாமென்றவர். குப்பத்துக் கிழவர்கள் அவரைப் பெயர் சொல்லமாட்டார்கள், பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையில் 'முசே' என்பார்கள், 'ஐயா' என்கிற மாதிரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு என்றும் சொல்லமாட்டார். நான் நீட்டும் தாளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு பென்சிலை அதன் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பென்சில் முனை எந்த வரியில் நிற்கிறதோ அங்கே தப்பு. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பென்சிலைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எழுபத்தேழு புயலுக்குப் பிறகு, கிளிஞ்சல்மேட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்கு நீர்த்தொட்டி கேட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே கிணறெல்லாம் உப்பு. பெண்கள் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடத்தோடு மணலில் நடந்து, உள்ளே இருக்கிற வயல் பக்கத்து ஊருக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். போன இடத்தில் பேச்சு வேறு வாங்க வேண்டும். அந்த உப்புக் காற்றில் சாதாரணக் கான்கிரீட் தூண் கட்டினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துத் தூண் வெடித்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று வேலைக்கு வாங்கி மிஞ்சிய எஃகுக் குழாய்கள் ஸ்டோரில் கிடந்தன. அவற்றை நட்டு உள்ளே கான்கிரீட் நிரப்பி, வெளியே தாரும் பெயின்ட்டும் அடித்துத் தூணாக்கலாம் என்று மேலிடம் சொன்னது.

அதற்குக் கணக்கு? எங்கள் கையிலிருந்த விதிப்புத்தகம் எதிலும் அந்த மாதிரித் தூணுக்கு வழி சொல்லியிருக்கவில்லை. அந்துவான் சார் பாரிசிலிருந்த தன் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எழுதி ஒரு புத்தகம் வரவழைத்தார். அது பிரெஞ்சில் இருந்தது. ஒவ்வொரு பத்தியாக மனசுக்குள் படித்து, எனக்குத் தமிழில் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். ஒரு மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை.

குழாயின் குறுக்கு வெட்டை வரைபடத் தாளில் பெரிய வட்டமாகப் போடுவோம். அதன் குறுக்கே ஒரு ஸ்கேலை வைப்பார். "ஸ்கேலுக்கு இந்தப் பக்கம் அமுங்குது, அந்தப் பக்கம் இழுபடுது. இழுபடற பக்கத்துல கான்கிரீட்டு செத்துடும். அங்க குழாய் மட்டுந்தான் வேலை செய்யும்" என்பார். அமுங்கும் பக்கத்தில் கட்டம் கட்டமாக எண்ணிப் பரப்பு கண்டுபிடிப்போம். கான்கிரீட் எவ்வளவு தாங்குகிறது, எஃகு எவ்வளவு தாங்குகிறது என்று கூட்டினால் அந்த நிலையில் தூண் சுமக்கும் பாரம் கிடைக்கும். நடுக்கோட்டிலிருந்து தூரத்தால் பெருக்கினால் அது தாங்கும் வளைவு, அதாவது காற்று வளைக்கப் பார்க்கும்போது எவ்வளவு தாங்கும் என்பது, கிடைக்கும். ஒரு ஸ்கேல் நிலைக்கு ஒரு புள்ளி. ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்து, மறுபடியும் எண்ணு, இன்னொரு புள்ளி. பாரத்தை மேல்நோக்கியும் வளைவைப் பக்கவாட்டிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் கோடு கீழே தொடங்கி, முன்னால் புடைத்து, மேலே போகப் போக உள்ளே வாங்கிக்கொள்ளும். சாட்சாத் நம் தலைமைக் குமாஸ்தாவைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதிலிருந்து அந்தக் கோட்டுக்கு 'தொந்தி' என்று பெயர் வைத்துவிட்டார். தூணுக்கு வரும் பாரமும் வளைவும் சேர்ந்த புள்ளி தொந்திக்கு உள்ளே விழுந்தால் தூண் நிற்கும், வெளியே விழுந்தால் போச்சு. காலையில் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பார்: "என்ன வசந்தா, உள்ளயா, வெளியவா?"

தொந்தி புடைத்திருப்பதில்தான் சூட்சுமம் இருந்தது. பாரம் ஓரளவு இருக்கிறவரைக்கும் தூண் அதிக வளைவைத் தாங்குகிறது. பாரம் குறைந்தால் தாங்கும் சக்தியும் குறைகிறது. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்துவான் சார் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் விரலால் சுண்டினார். சரிந்தது. மறுபடி அடுக்கி, தலையில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு சுண்டினார். அசையவில்லை. "பாரம் கான்கிரீட்ட அமுக்கிப் புடிச்சுக்குது. அமுங்கி இருந்தா பொளக்காது" என்றார்.

தொட்டி நிறைந்து புயலும் அடித்தால் புள்ளி தொந்திக்கு நடுவில் சௌகரியமாக உட்கார்ந்தது. காலித் தொட்டியும் கடும் புயலும் என்று போட்டபோது வெளியே போய்விட்டது. பெரிய குழாய் வேண்டும் என்று சார் மேலிடத்துக்கு எழுதினார். இருப்பதை வைத்து முடிக்கச் சொல்லிப் பதில் வந்தது. தூண்களுக்கு நடுவே இன்னொரு அடுக்குக் குறுக்குப் பிணைப்புச் சேர்த்தார். புள்ளி கோட்டுக்குக் கிட்டே வந்தது, உள்ளே வரவில்லை. திரும்ப எழுதினார். முடியாதென்றால் திட்டத்தைக் கைவிடலாம் என்று வந்தது. அன்று சாயங்காலம் குப்பத்துக்குப் போய் மணலில் நின்று, குடம் சுமந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வரைபடத்தின் ஓரத்தில், புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிறைத்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தொட்டி எழுந்தது. முதல் தண்ணீர் திறந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு கிழவி அந்துவான் சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர் காத்தமுத்துவைப் போட்டார்கள். படகில் சுக்கான் பிடித்தவர், தோள்பட்டை முறிந்து கடலுக்குப் போக முடியாமல் ஆனவர். சிரித்த முகம். தொட்டியடியில் பம்பு அறை. அதன் வாசலில் கோலம் போடச்சொல்லி மனைவி பூங்காவனத்தை நச்சரிப்பார். "இது என்னாய்யா, நம்ம வூடா?" என்று அவள் கேட்டால், "வூட்ட விட ஒசரமா இருக்குல்ல!" என்பார்.

அந்துவான் சார் போகும்போதெல்லாம் அவரிடம் மறக்காமல் சொல்வார்: "காத்தமுத்து, பொயல் கொடி ஏத்திட்டாங்கன்னா தொட்டிய நெறச்சு வெச்சுடணும்."

"செஞ்சுடறேங்க முசே. ஊரு சனம் தண்ணி இல்லாம தவிக்கக் கூடாதுல்ல" என்பார் காத்தமுத்து. சாரும் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். நானும் கூட இருந்து இதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலில் ஏதோ பிசகிக் கிடக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டி சில வருஷம் நன்றாகத்தான் நின்றது. எண்பதுகளில் ஒரு கார்த்திகையில் வந்த புயல் பகலிலேயே கரையைத் தொட்டது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. சாயங்காலம் காற்று ஓய்ந்ததும், தொட்டி விழுந்துவிட்டது, பம்பு அறையில் இருந்த காத்தமுத்து செத்துப்போனார் என்று அலுவலகத்துக்கு ஆள் வந்தது. அந்துவான் சார் எழுந்து நின்றார், உடனே உட்கார்ந்தார். பிறகு, "வசந்தா, நீயும் வா" என்றார்.

உடலை எடுத்துப்போயிருந்தார்கள். கடற்கரைப் பக்கத்துத் தூண்கள் அடியில் பிளந்து, குழாய் கிழிந்து உள்ளே கான்கிரீட் பல்லிளித்துக்கொண்டிருந்தது. தொட்டி பம்பு அறைமேல் குப்புறக் கிடந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சார் அழவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். தொட்டியைக் கழுவி வெளியேற்றுகிற குழாயின் வால்வு அங்கே தரையில் ஒரு செங்கல் குழிக்குள் இருந்தது. குழிக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வை முழுக்கத் திறந்திருந்தார்கள். திருகும் இரும்புச் சாவிகூட அதிலேயே மாட்டியிருந்தது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காத்தமுத்து தொட்டியைக் காலி செய்திருக்கிறார். படகுக்காரர் அல்லவா? காற்று பெரிசானால் முதலில் பாரத்தை இறக்குவார்கள். வலையோ மீனோ எதுவானாலும் கடலில் தள்ளிப் படகை லேசாக்குவார்கள். இந்தக் கடற்கரையில் அது பால்குடி மறந்ததிலிருந்து தெரிந்த பாடம். தொட்டி ஆடுவதைப் பார்த்ததும் அந்த மனுஷன் அதைத்தான் செய்திருக்கிறார், தொட்டியைக் காப்பாற்றத்தான்.

"சார், பாத்தீங்களா? நாம சொன்னதுக்கு நேர் எதிரா..." என்று ஆரம்பித்தேன். சார் குழியருகே மண்டியிட்டார். சாவியைப் பிடித்துத் திருகினார். கடைசிவரை திறந்ததில் இறுகிக் கிடந்தது. முனகிக்கொண்டே திருகி வால்வை முழுக்க மூடினார். சாவியை உருவி இடிபாட்டுக்குள் எறிந்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் பாக்கல வசந்தா" என்றார். அவர் அவ்வளவு கடுமையாக என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஏன் என்று பிறகு தெரிந்தது. எழுதிக்கொடுத்த நிபந்தனையைக் காத்தமுத்து மீறினார் என்று ஆகிவிட்டால், பூங்காவனத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்காது. நிபந்தனையை மீறியது யாரும் இல்லையென்றால், தப்பு வரைந்தவருடையது.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து பெரிய இன்ஜினீயர்கள் வந்தார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புயலின்போது தொட்டி நிறைந்திருந்ததா என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க. ஆனா காலியா இருந்தாலும் நிக்க வேண்டியது தூணோட வேலை. நான் வரைஞ்ச தூண் நிக்கல" என்றார் அந்துவான் சார். பெரிய குழாய் கேட்டு எழுதியதையும் அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கு உள்ளே போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. அவருக்கு வர வேண்டிய உயர்வு நின்றுபோனது. வரைபடப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். தொந்தியின் ஒவ்வொரு புள்ளியையும் கையால் எண்ணிக் குறித்த மனுஷன், ஆணியும் நட்டும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பூங்காவனத்துக்கு எங்கள் அலுவலகத்திலேயே அட்டெண்டர் வேலை கிடைத்தது. மேசை மேசையாகத் தண்ணீர் வைப்பது அவள் பொறுப்பு. எல்லா மேசையிலும் வைப்பாள், ஸ்டோருக்கு மட்டும் போகமாட்டாள். அவர் தானே எழுந்துவந்து பானையில் மொண்டு குடிப்பார். அவர் வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் அவர் ஏதோ கேட்க எங்கள் அறைக்கு வந்தவர், இருமல் பிடித்து மூச்சு வாங்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "பூங்காவனம், சாருக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் குமாஸ்தா. அவள் கையில் நிறைந்த டம்ளர் இருந்தது. அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"குடுக்க மாட்டேங்க. வேலய வுட்டு அனுப்புனாலும் குடுக்க மாட்டேன். எம் புருசன் என்னா பாவம் செஞ்சாரு? நெறச்சு வெக்கச் சொன்னாங்கன்னு மொத நாளே நெறச்சாரு. ஊரே கொடத்துலயும் அண்டாவுலயும் புடிச்சு வெச்சுக்குச்சு. காத்து ஏறுனதும் மிச்சத்தயும் தொறந்து வுட்டுட்டாரு. 'பாரத்த எறக்கிட்டேன், இனிமே தொட்டி அசையாது, நீ போ'ன்னு என்னைய பள்ளிக்கூடத்துல போயி இருக்கச் சொன்னாரு. பாரத்த எறக்கியும் வுழுந்துச்சேங்க! என்னாய்யா தூணு கட்டுன நீ? சொல்லு! என்னா தூணு கட்டுன?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதுபோல் தலை குனிந்து நின்றார்கள். குமாஸ்தாக்களுக்கும் அட்டெண்டர்களுக்கும் எப்படித் தெரியும்? பாரம் இறங்கினால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். "பூங்காவனம், நீ என்ன பேசறன்னு..." என்று வாயைத் திறந்தேன். அந்துவான் சார் இருமலுக்கு நடுவே என் பக்கம் கையைக் காட்டினார். "சும்மா இரும்மா" என்றார். அவளிடம், "நான் கட்டுனது சரியில்லைங்க. மன்னிச்சுக்குங்க" என்றார். காரி உமிழாத குறையாக அவள் வெளியே போனாள்.

சாயங்காலம் அரசலாற்றுப் பாலம் வரைக்கும் அவரோடு நடந்தேன். என்னால் அடக்க முடியவில்லை. "ஏன் சார் இப்படி? நீங்க எழுதிக் குடுத்தீங்க, வாயாலயும் சொன்னீங்க. அந்தாளு கேக்கல. அதுக்கு நீங்க ஏன் இவகிட்ட பேச்சு வாங்கணும்?"

"கேக்கலன்னு யாரு சொன்னா? நெறச்சாருல்ல?" என்றார். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஒன்கிட்ட ஒரு மழைக்காலம் பூரா தொந்தியப் பத்திப் பேசுனேன் வசந்தா. தீப்பெட்டி அடுக்கிக் காமிச்சேன். அந்த மனுசன்கிட்ட 'நெறச்சு வை'ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. குடிக்கத்தான் நெறக்கச் சொல்றாங்கன்னு அவரு நெனச்சாரு, எல்லாரும் புடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு எறக்கிட்டாரு. அவருக்குத் தீப்பெட்டி அடுக்கிக் காமிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஒரு மனுசன் ஞாபகம் வெச்சாத்தான் நிக்கும்னா அது தூணே இல்ல. தெரிஞ்சேதான கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப அவகிட்டயாவது உள்ளத சொல்லலாம்ல சார்?"

"அவகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒண்ணுதாம்மா. எம் புருசன் சரியாத்தான் செஞ்சான்னு. அதயும் புடுங்கணுமா?" என்றார். பாலத்தைத் தாண்டி நடந்தோம். இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கோயில் வாசலில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் இந்து, அவர் மாதாகோயில்காரர். எந்தச் சாமி மேல் சத்தியம் என்று அப்போதும் எனக்குக் கோபம் எகிறிக்கொண்டுதான் வந்தது.

அதன்பிறகு நான் போட்ட ஒவ்வொரு தொட்டிக்கும் காலி நிலைக்குத்தான் முதலில் கணக்குப் பார்த்தேன். பெரிய குழாய் கொடுக்கமாட்டேன் என்றவர்களிடம் சண்டை போட்டேன். ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்துவான் சார் ஸ்டோரிலிருந்தே ஓய்வு பெற்றார். கடைசிவரை அவர் மேசைக்குத் தண்ணீர் போகவில்லை. நுரையீரல் கெட்டுச் சில வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வாசல் சுவரோரம் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வெசாரணையில என்னா சொன்னாருன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. எல்லாரும் சேந்து மூடி மறச்சுட்டாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு, சரி. சர்க்காருகிட்ட தப்பு தன்னோடதுன்னு அவரு எப்பயாவது ஒத்துக்கிட்டாரா?"

அவள் வாயால் அவரை 'அவரு' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"மொத நாளே ஒத்துக்கிட்டாரும்மா. பெரிய ஆளுங்க முன்னாடி, தான் வரைஞ்ச தூண்தான் நிக்கலன்னு சொன்னாரு. அதனாலதான் அவரைக் கொண்டுபோய் ஸ்டோர்ல போட்டாங்க."

"எங்க வூட்டுக்காரரப் பத்தி?"

"அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னுட்டாரு."

பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வால்வு, காலித் தொட்டி என்று மிச்சத்தையும் சொல்ல வாயெடுத்தேன். கொடுத்த சத்தியத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"தெரியாமப் போச்சேம்மா. அந்த மனுசன் இருமறப்ப ஒரு வா தண்ணி குடுத்துருப்பேனே" என்றாள்.